ஐந்து மணிக்குள் ஒரு காலேஜ்

ஊரார் பிள்ளைகளின் தலையெழுத்தை மவுஸால் அமுக்கும் தொழில் எனக்கு. பழவேற்காட்டில் ஆன்லைன் சென்டர் நடத்துகிறேன். கரண்ட் பில் கட்டித் தரும் வரை சுகமான தொழில்தான். காலேஜ் கவுன்சிலிங் வந்துவிட்டால் சோறு இறங்காது. ஃபார்ம் நிரப்பித் தரும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஒரே கோட்டு

இந்த வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தவள் கௌரி, ஏரியில் இறால் பிடிக்கும் ஏழுமலை அண்ணனின் ஒரே பெண். அவள் வாங்கிய ரேங்குக்கு நாடே பேர் சொல்லும் இரண்டு காலேஜில் எது கேட்டாலும் கிடைக்கும். ஒன்று சென்னையில், ஒன்று திருச்சியில். எதை முதலில் போடுகிறோமோ அதுதான் அவளுக்கு. "எதுல படிச்சா வேலை கிடைக்கும்?" என்றார் அண்ணன். இரண்டு வெப்சைட்டையும் திறந்து காட்டினேன். அதே பாடம், அதே ஃபீஸ், ஆள் எடுக்க வருவதும் அதே கம்பெனிகள். இரண்டிலும் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தங்கச்சி, ஒரே கோட்டை மாத்தி மாத்திப் போட்டுக்கினு போட்டோ புடிச்சாங்களா?"

காட்டூர்க்காரர்

திருச்சி காலேஜில் படித்து பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்திலிருக்கும் காட்டூருக்கு லீவில் வந்திருந்தார். கௌரியை இழுத்துக்கொண்டு ஓடினேன். "சென்னையைப் போடுங்க" என்றார். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் சென்னைக் காலேஜாம், இவருக்கு முன்னாடி பிரமோஷன் வாங்கிவிட்டானாம். அவனுக்கே போன் போட்டுக் கொடுத்தார். அவன் "திருச்சியைப் போடுங்க" என்றான்! திரும்பும் வழியெல்லாம் நான் புலம்பினேன், கௌரி நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்லதானே கீறாங்க?"

பாடு

கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அப்புறம் மாற்ற முடியாது. மூன்றரையிலிருந்து நான் கடிகாரத்தையே பார்க்கிறேன், அண்ணன் மட்டும் ஆற அமர டீ குடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமே இல்லையா என்று கேட்டதும்தான் சங்கதி தெரிந்தது. எங்கள் ஏரியில் வலை போடப் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. நல்ல இடம் ஒருத்தருக்கே போகாமல் முறை வைத்துச் சுற்றி வரும். இன்று வெறும் வலை இழுத்தவருக்கு நாளை வேறு இடம். காலேஜும் அப்படித்தான், இந்த வருஷம் சென்னை, அடுத்த வருஷம் திருச்சி என்று மனுஷன் நிம்மதியாக இருந்திருக்கிறார். நாலு வருஷமும் ஒரே இடம்தான் என்று சொன்னேன். டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

"முறை வராதா? ஒரு தபா போட்டா போட்டதுதானா? அடிப்பாவி, இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா!"

நாலு ஐம்பத்திரண்டு

அதற்கப்புறம் அவரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சென்னை என்றார், வேண்டாம் திருச்சி என்றார், தலையில் கை வைத்துக்கொண்டார். வெப்சைட் வேறு சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறந்ததும் கௌரி மவுஸைப் பிடுங்கிச் சென்னையை முதலில் போட்டு அமுக்கிவிட்டாள். "ரெண்டு இடத்துலயும் மீன் கீது நைனா. சென்னைன்னா சனிக்கிழமை வூட்டுக்கு வந்துடுவேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. வேலை கிடைத்த பிறகு எந்தச் சனிக்கிழமை வருவாள் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெண் கிளம்பி வெளியே போகும் வரை காத்திருந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, எந்தக் காலேஜ்ல படிச்சா பழவேற்காட்டுல வேலை கிடைக்கும்?"

பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.