மவுஸுக்குள் கிடந்த பழைய பற்றரிகள்

மவுஸ் நின்றபோது நான் பட்டியலின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தேன். மொத்தம் இருபத்திரண்டு பக்கங்கள். வன்னியில் யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. காயப்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்து கிழக்கில் ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அங்கே தொண்டு வேலை பார்த்த என் சிநேகிதி, பெயர்களைக் கையால் எழுதிவைத்த தாள்களைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். வன்னிக்குள் அகப்பட்டிருந்த என் தம்பி அதில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குள் சொன்னால் அவள் வாட்டுக்குப் போய் அவனைத் தேடிப் பார்ப்பாள். மறுநாள் காலையில் எல்லோரையும் முகாம்களுக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு யாரை எங்கே தேடுவது என்று அவளுக்கே தெரியாது. அப்போது நேரம் மூன்றே முக்கால்.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி வீட்டில் அப்பாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். என் மடிக்கணினி முந்திய வருடம் தேநீர் குடித்த கணினி. அதன்பிறகு விரலால் தடவும் பலகையும் அம்புக்குறி விசைகளும் வேலை செய்வதில்லை. மவுஸ்தான் அதற்குக் கையும் காலும்.

மவுஸின் அடியில் இருந்த பொத்தானை நிறுத்திப் போட்டேன். அசையவில்லை. சேலைத் தலைப்பால் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். மேசைதான் பிழையோ என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் மேல் வைத்து உருட்டினேன். நகமளவு ரிசீவரைக் கழற்றி மற்றத் துளையில் செருகினேன். கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினேன். அது எழும்பிவர எடுத்த நேரம் முழுவதும் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பற்றரியை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. மூன்று நாளுக்கு முன்புதான் புதிதாக இரண்டு போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவள் நான், வெட்கக்கேடு.

நான்கு மணி தாண்டியபின் வேறு வழியில்லாமல் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தவை நான் வாங்கிய பற்றரிகள் அல்ல. நிறம் உரிந்திருந்தது. இரண்டிலும் பல் பதிந்த தடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி தீர்ந்தால் வெயிலில் காயவைப்போம், பல்லால் கடித்து நெரிப்போம். ரேடியோ இன்னும் கொஞ்ச நேரம் பாடும்.

அப்பா அறைக்குள் கதிரையில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். அம்மா செத்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் வந்தவர். வெளியூர்த் தமிழர் என்று பொலிஸில் பதிந்த துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல் முற்றத்துக்குக்கூட இறங்க மாட்டார்.

“அப்பா, மவுஸைத் தொட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை. ரேடியோ இரையத் தொடங்கிட்டுது. அது சின்னச் சாமான்தானே, வெயிலிலை வைச்ச பழசு காணும் எண்டு நினைச்சு மாத்திப் போட்டனான்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “பாலத்தடிக் கடையிலை குவிச்சு வைச்சிருக்கினம். ரெண்டு பற்றரி வாங்க ஏலாதோ உங்களுக்கு? உங்கட ரேடியோவாலை அவனைத் தவறவிடப்போறம்!” என்று கத்தினேன். கீழ் வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது.

அப்பா வானொலியை நிறுத்தினார். “நான் போய்ப் பற்றரி கேக்க, என்னத்துக்கு எண்டு ஆரும் கேட்டா என்ன சொல்லுறது?” என்றார் மெதுவாக.

ஊரில் பற்றரி, குண்டு செய்ய உதவும் என்று தடைசெய்த பொருள். எங்கள் தெருவில் ஒருவர் சைக்கிள் கூடைக்குள் நான்கு பற்றரி வைத்திருந்ததற்காக இராணுவத்திடம் அடிவாங்கி, காது கேளாமல் திரும்பி வந்தார். கண்டியில் அவை மிட்டாய் போத்தலுக்குப் பக்கத்தில் தொங்கின என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிற ஒருவர் அதைக் கேட்டு வாங்கலாம் என்று அவரால் நம்ப முடியவில்லை. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் கவனித்ததில்லை. கத்திய வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவரே பற்றரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து தந்தார். போட்டதும் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. ஒன்பதாம் பக்கத்துக்குப் போக வெளிக்கிட்டேன்.

“முதலிலை இருந்து காட்டு பிள்ளை. நான் பாக்கேல்லை.”

“நான் பாத்திட்டன் அப்பா. நேரமில்லை.”

“காட்டு.”

கத்திய குற்ற உணர்ச்சியில் காட்டினேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் அவர் திரையில் விரலை வைத்தார். “இது என்ரை பேரெல்லோ?”

நான் தம்பியின் பெயரைத் தேடிக்கொண்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். எங்களில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், பிள்ளையின் பெயர் பின்னால். அவசரத்தில் எழுதியவர் முன் பெயரோடு நிறுத்திவிட்டார். பக்கத்தில் வயது முப்பத்தொன்று, எங்கள் ஊர்ப் பெயர். தம்பியேதான். சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்து அந்த வரியின் இலக்கத்தைச் சொன்னபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அதே வரியின் கடைசிக் கட்டத்துக்குள் வைத்தியர் ஆங்கிலத்தில் கிறுக்கிய பொடி எழுத்து அப்பாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இடது கால், முழங்காலுக்கு மேலே, எடுத்தாயிற்று.

“என்ன காயமாம்?”

“காலிலையாம் அப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அழுது பார்த்ததில்லை, அம்மாவின் செத்தவீட்டிலும் இல்லை. சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

“கால்தானே பிள்ளை. காயம் மாறீடும். அவன் சின்ன வயசிலை இருந்து விழுந்தெழும்பி ஓடித் திரிஞ்சவன்தானே.”

“ஓம் அப்பா” என்றேன்.