கப்பலேறாதவன் எழுதிய கப்பல் வழிகாட்டி

கப்பல் டிக்கெட் விற்பவனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். நாகப்பட்டினத்தில் பினாங்கு கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் ஏஜெண்டு ஆபீசில் பல வருடம் நான் அப்படித்தான் பிழைத்தேன். வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அயலூரில் நடுத்தெருவில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் புத்தகங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை உங்களிடமாவது சொல்லிவிடுவதுதான் நியாயம்.

புத்தகம் பிறந்த கதை

கவுண்டரில் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். வாந்தி வருமா, ஊறுகாய் கொண்டுபோகலாமா, இறங்கியதும் எந்தப் பக்கம் போவது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் எழுதி அச்சடிச்சிருய்யா" என்றார். வேளாங்கண்ணிக் கடலில் முழங்கால் வரை இறங்கியதுதான் அதுவரை என் கடற்பயணம். ஆனாலும் கப்பல் சமையல்காரர் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே விஷயத்தைக் கறந்தேன். அவர் சொல்லாததை நானே யோசித்து எழுதினேன். முப்பத்திரண்டு பக்கம், மஞ்சள் அட்டை.

முதலாளி ஒரே மூச்சில் படித்து முடித்தார். மனசாட்சி உறுத்தவே, "நான் அங்க போனதே இல்லீங்களே" என்றேன். அவர் சொன்னார்:

"அதனாலதான்யா இவ்வளவு தெளிவா இருக்கு. போய்ட்டு வந்தவன்னா கொழப்பிடுவான்."

பாய் போட்ட இடம்

டெக் டிக்கெட்காரர்களுக்குக் கட்டில் கிடையாது. தளத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். யார் எங்கே படுப்பது என்று சமையல்காரர் சொல்லவில்லை. கும்பகோணம் டவுன்பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவன் நான். அதே நினைப்பில், 'முதலில் பாய் விரித்தவருக்கே அந்த இடம். பயணம் முடியும்வரை யாரும் எழுப்பக்கூடாது' என்று பதினோராம் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மிராசுதார் ஒருவர், உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போன வருத்தத்தில், பினாங்கிலிருந்த மகனைப் பார்க்கக் கிளம்பினார். மேல்வகுப்பு நிரம்பிவிட்டதால் டெக்தான் கிடைத்தது. கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். இவர் இரண்டாவது படகில் போய்ச் சேர்ந்தபோது, நல்ல காற்று வரும் மூலையில் அவருடைய பழைய பண்ணையாள் கோவிந்தன் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எழுந்திரு என்று இவர் சொல்ல, கோவிந்தன் எழுந்து ஒரு கும்பிடு போட்டு, மஞ்சள் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாராம். பயணம் முழுக்க மிராசுதாருக்கு எஞ்சின் சூடுதான். ஊர் திரும்பியதும் நேரே என்னிடம் வந்தார்.

"கவர்மெண்டு சட்டம் போட்டு நெலத்தை எடுத்துக்கிச்சு. நீ புஸ்தகம் போட்டு, படுக்கிற எடத்தையும் எடுத்துக் குடுத்திட்டியேய்யா."

மாணிக்கத்தின் மருமக்கள்

குடிநுழைவு அதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு மாதிரி ஒன்று போட்டிருந்தேன். 'யாரைப் பார்க்க வந்தீர்?' 'என் தாய்மாமன் மாணிக்கத்தை.' மாணிக்கம் என் கற்பனை. பெயருக்குப் பதில் கோடு போட்டிருக்கலாம், தோன்றவில்லை. நம் ஜனங்களுக்கு அச்சில் வந்துவிட்டால் அது வேதவாக்கு. ஒரே கப்பலில் போன பதினேழு பேர் வரிசையாக நின்று, மாணிக்கத்தைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த அண்ணனைப் பார்க்கப் போனவர்கூட அண்ணனை விட்டுவிட்டு மாணிக்கத்தைச் சொன்னாராம். எல்லோரையும் ஓரமாக உட்காரவைத்து, சாயங்காலம்தான் வெளியே விட்டார்கள். அந்த அதிகாரியும் தமிழர். பதினேழாவது ஆளிடம் அவர் சொன்னது:

"அந்த மாணிக்கத்துக்கு எத்தனை அக்கா தங்கச்சி? முதல்ல அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மணிக்கூண்டுக்கு இடது பக்கம்

அஞ்சலை வந்த அன்று என் சிரிப்பு போய்விட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்களில் முன்னால் நின்றவர் அவர் கணவர் வீரய்யன். அதன்பிறகு எந்த வயலிலும் அவரை இறங்கவிடவில்லை, பினாங்குக்குப் போனார். ஒன்றரை வருடமாகக் கடிதமில்லை. காதுத் தோட்டை விற்று டிக்கெட் எடுத்துத் தேடிக் கிளம்பிவிட்டார் அஞ்சலை. படிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லி என் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார். எனக்கே ஒப்பித்தும் காட்டினார்: "வெளிய வந்ததும் மணிக்கூண்டு. அதுக்கு இடது பக்கம் நம்ம ஊர்க்காரங்க சாப்பாட்டுக் கடை. அங்க கேட்டா யாரையும் கண்டுபிடிச்சிடலாம். சரிதானுங்களே?"

அந்த 'இடது' சமையல்காரர் சொன்னதா, நானே போட்டதா என்று எனக்கு நினைவில்லை. "அம்மா, நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கேட்டு எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. படகேறிப் போய்விட்டார். அப்புறம் கப்பல் வரும்போதெல்லாம் கரையில் நின்று, இறங்குகிறவர்களிடம் அஞ்சலையைப் பற்றி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

ஐந்தாம் மாதம் அஞ்சலை கவுண்டரில் வந்து நின்றார். பக்கத்தில் வீரய்யன். கடிதம் எழுதிக் கொடுக்கிற சிநேகிதர் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டதால் கடிதம் நின்றுபோனதாம். சாப்பாட்டுக் கடை இருந்தது வலது பக்கம். என்னை நம்பி இடது பக்கம் போன அஞ்சலை, ஓர் அரிசிக் கிடங்கின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து மூட்டை சுமந்து வந்தவர்களில் மூன்றாவது ஆள் வீரய்யன். சாப்பாட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டு, அந்தப் பக்கமே அவர் போவதில்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'இடது' என்பதை அடித்து 'வலது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அஞ்சலை கையை நீட்டித் தடுத்தார்.

"அத அடிக்காதீங்க. இன்னும் யாரு யாரு புருஷன் அங்க மூட்டை தூக்கிட்டு நிக்கிறாங்களோ."

அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை பேரைக் கப்பலேற்றிய நான் மட்டும் கடைசிவரை ஏறவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத்தானே தெரியும்.