பெயின்ட்டுக்கு அடியில் இருந்த சத்தம்

1. காதுக்கு வந்த சோதனை

பால்ராஜைக் காது பரிசோதனைக்கு அனுப்புவதென்று மேஜர் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலையில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால்ராஜ் ரேடியோ ஆப்பரேட்டர். காது மட்டம் என்று டாக்டர் எழுதிவிட்டால் அத்தோடு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்டோரில் மூட்டை அடுக்கப் போக வேண்டியதுதான். வேலூர்ப் பக்கத்துப் பையன். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினாலும் தனக்கு வேண்டிய குரலை மட்டும் பிரித்து எடுத்துவிடுவான். அந்த வேலையைத் தவிர வேறு எதிலும் அவனுக்கு மனம் போனதில்லை.

நான் அப்போது பெங்களூரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சிவிலியன் ரேடியோ மெக்கானிக். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வண்டிகளில் ரேடியோ செட்டை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. உள்ளங்கை அளவுக்கு ராணுவ ஜீப் செய்யும் மாடல்காரர்கள் சிலர் இதை எழுதச் சொன்னார்கள். ஏரியல் எங்கே, செட் எந்தப் பக்கம், பச்சை எங்கெல்லாம் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் பால்ராஜின் ஜீப்பை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஏரியல். நீங்கள் எல்லோரும் அதைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டு வைக்கிறீர்கள். ஓடுகிற வண்டியில் நாங்கள் அப்படி விடமாட்டோம். மரக்கிளையிலும் கரண்ட் கம்பியிலும் போய் மாட்டும். நுனியில் கயிறு கட்டி, வில்லாக வளைத்து, முன்பக்கம் இழுத்துக் கட்டிவிடுவோம். செட் பின்பக்கத் தட்டில், அதிர்வு தாங்கும் ரப்பர் கால்களின் மேல் இருக்கும். ஆப்பரேட்டர் பக்கவாட்டில் உட்காருவார். அவருடைய முழங்கால் எங்கே இடிக்கும் என்று பார்த்து மாடல் செய்யுங்கள், பாதி சரியாகிவிடும்.

2. ஷெட்டுக்குள் சாது

அந்த ஜீப் இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் புதுசாகப் பெயின்ட் அடித்து வந்திருந்தது. வந்த நாளிலிருந்து பால்ராஜுக்குப் புகார். "பொரி வறுக்கற மாதிரி படபடன்னு சத்தம் வருது சார். பேசறது ஒண்ணும் புரியல."

நாங்கள் செட்டைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஹெட்போனை மாற்றினோம், செட்டையே மாற்றினோம். ஷெட்டுக்குள் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. இவன் மட்டும் வெளியே போய்வந்து மறுபடியும் சத்தம் என்றான். மேஜர் மதராஸில் வளர்ந்தவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "செட்டு நல்லாருக்கு, வண்டி நல்லாருக்கு. அப்போ மிச்சம் இருக்கறது உன் காதுதான்" என்று சொல்லிவிட்டார். சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை.

அன்று மதியம் கேன்டீனுக்கு நடக்கச் சோம்பேறித்தனமாக இருந்தது. பால்ராஜின் ஜீப் அந்தப் பக்கம் கிளம்பவே, பின்னால் ஏறிக்கொண்டேன். டிரைவர் பக்கத்தில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆளில்லாத ஹெட்போன் கண்ணெதிரே தொங்கினால் எனக்குக் கை சும்மா இருக்காது. எடுத்து மாட்டினேன்.

பொரி வறுத்தது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது இன்னும் வேகமாக வறுத்தது.

"நிறுத்துப்பா. இன்ஜினை ஆஃப் பண்ணு."

ஆஃப் செய்தான். சத்தம் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன், வந்துவிட்டது. பால்ராஜ் திரும்பி என்னையே பார்த்தான்.

"உங்களுக்கும் கேக்குதா சார்?"

"நல்லாவே கேக்குது."

"அப்பாடா" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். புகை சூழ்ந்துகொள்ளும் என்பதால் எங்கள் ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடக்கூடாது. அதனால் செட்டை எப்போதும் பேட்டரியில்தான் சோதிப்போம். வண்டி தூங்கும்போது நாங்கள் கேட்டோம், ஓடும்போது அவன் கேட்டான். இரண்டு பேரும் சொன்னது நிஜம்.

3. ஒரு துண்டு வயர்

கேன்டீனை மறந்தாயிற்று. பெட்ரோல் இன்ஜினில் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் அதுவே ஒரு குட்டி ரேடியோ நிலையம். அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் மூடி வைப்பது இரும்பு பேனட். ஆனால் பேனட்டும் பாடியும் இரும்போடு இரும்பாகத் தொட்டிருக்க வேண்டும். கீல் மட்டும் போதாது. அதற்காகவே பின்னிய செம்புப் பட்டை ஒன்றை இரண்டுக்கும் நடுவே போல்ட் போட்டு முடுக்கியிருப்போம். பாண்டிங் ஸ்ட்ராப் என்போம்.

ஸ்ட்ராப் இருந்ததா? இருந்தது, முடுக்கமாகவே இருந்தது. அதுதான் எனக்குக் குடைச்சலாக இருந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்ட்ராப்புக்கு அடியில் அழகான பச்சை. மறு முனையிலும் பச்சை. எங்கள் பெயின்ட் ஷாப் போர்மேன் காதர் பாய், சிவாஜிநகர்க்காரர். மற்றவர்கள் போல்ட்டைச் சுற்றி மெழுகிவிட்டுப் போவார்கள். இவர் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அடித்து, காய்ந்தபின் திரும்ப மாட்டுவார். அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தில், பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருந்த இரும்புகள் உண்மையில் தொடவில்லை.

போல்ட்டை மறுபடி போட்டேன். பால்ராஜைப் பின்னால் அவன் இடத்தில் உட்கார வைத்து, இன்ஜினை ஓடவிட்டேன். ஸ்க்ரூடிரைவரால் பேனட் ஓரத்தில் கொஞ்சம், பாடியில் கொஞ்சம் சுரண்டி, ஒரு துண்டு வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு இடத்திலும் அழுத்தினேன்.

பால்ராஜ் சட்டென்று இடது கையைத் தூக்கினான். நிறுத்து, அப்படியே இரு என்பது மாதிரி. வாய் லேசாகத் திறந்திருந்தது. வயரை எடுத்தேன், கை இறங்கியது. வைத்தேன், கை ஏறியது.

அதற்குள் காதர் பாய் வந்துவிட்டார். "இன்னா அந்தோணி இது? பளபளன்னு குடுத்த வண்டிய பூனை மாதிரி பிராண்டி வச்சிருக்கே?"

நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, வயரை வைத்து எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் கேட்டார்.

"இது என் பெயின்ட் பண்ற வேலையா?"

"ஆமா பாய். ரொம்ப நல்லா அடிச்சிட்டீங்க."

அடுத்து மேஜர் வந்து கேட்டார். ஹெட்போனைக் கழற்றி பால்ராஜிடம் அவரே நீட்டினார். அவன் அட்டென்ஷனில் நின்று, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமா சார்?" என்றான்.

"போ. காது பிரமாதம்னு எழுதி வாங்கிட்டு வா. இனிமே நீ சத்தம்னு சொன்னா எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

அப்படியே எழுதி வாங்கி வந்தான்.

காதர் பாய் பெயின்ட் அடிக்கும் முறையை மாற்றிக்கொண்டாரே தவிர, சுத்தத்தை விடவில்லை. அதன்பின் போல்ட் உட்காரும் இடத்தில் முதலில் கட்டைவிரலால் கிரீஸை அப்பிவிடுவார். பெயின்ட் அங்கே பிடிக்காது, பிறகு துடைத்துவிடலாம். துடைத்த பிறகும் போல்ட்டைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மினுமினுப்பு இருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப் வண்டி என்பதற்கு அதுவே அடையாளம். மாடல்காரர்களே, ஸ்ட்ராப்புக்குப் பச்சை அடிக்காதீர்கள். ஈயம் பூசிய சாம்பல் நிறத்திலேயே விடுங்கள், முனையில் கொஞ்சம் மினுக்குங்கள்.

4. பல் டாக்டரின் ஜீப்

இதை எழுதத் தூண்டியவர் காக்ஸ் டவுனில் எனக்குப் பல் பார்க்கும் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடல் செய்கிறவர். என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு ஏரியலைப் பற்றிக் கேள்வி கேட்பார், நான் கையால் பதில் சொல்வேன். பஞ்சை எடுத்த பிறகு பால்ராஜ் கதையை முழுக்கச் சொன்னேன்.

"வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட, எப்போ வலிக்குதுன்னுதான் அங்கிள் நான் மொதல்ல கேப்பேன்" என்றார். "எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது. ஐஸ்கிரீம் சாப்பிட்டா உயிர் போகும்."

நாங்கள் அவனிடம் என்ன சத்தம் என்று கேட்டோம், எவ்வளவு சத்தம் என்று கேட்டோம். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் சர்வீஸில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

டாக்டரம்மா அந்த ஜீப்பைச் செய்தார். பல் கட்டும் மெல்லிய கம்பியை முறுக்கி ஸ்ட்ராப். ஏரியல் வில்லாக வளைந்திருந்தது. ஒன்றுதான் அவருக்கு இடித்தது. "இன்ஜின் ஓடுதுன்னு எப்படி அங்கிள் காட்டறது?"

யோசித்து ஒரு வழி சொன்னேன். செய்துவிட்டார்.

மாடல் கண்காட்சியில் அந்த ஜீப்பின் முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டர் யாருக்குக் கை காட்டுகிறான் என்று கேட்கிறார்கள். அவன் யாருக்கும் கை காட்டவில்லை. இன்ஜின் ஓடுகிறது, சத்தம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.