மூன்றாம் முறை எரிந்த மோட்டார்

பாலக்கோட்டில் நிசார் அகமதுவின் மோட்டார் வைண்டிங் கடை இருபத்தாறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எரிந்த மோட்டாரின் கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றித் தருவது அவர் வேலை. எதிரே யாராவது உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று எவரையும் கடைக்குள் உட்கார விடமாட்டார். காளியப்பனுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

காளியப்பன் ஏழு கிலோமீட்டர் தள்ளி இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டுவந்தவர். நிசாரைவிட நான்கைந்து வயது மூத்தவர். மண்டியில் கூடைகளை இறக்கியதும் நேராகக் கடைக்கு வந்து பெஞ்சில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவார். ரம்ஜான் காலையில் அவர் வீட்டுப் பால்தான் நிசார் வீட்டுக்குப் போகும்.

அந்தக் கோடையில் காளியப்பனின் கிணற்று மோட்டார் மூன்று முறை எரிந்தது. முதல் இரண்டு முறை நிசார் சுற்றிக் கொடுத்தார். மூன்றாவது முறை எரிந்தபோது செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. மறுபடி சுற்றக் கையில் பணமில்லாமல் ஒரு வாரம் தண்ணீர் இல்லை. வெயிலில் பிஞ்சு உதிர்ந்து, செடி காய்ந்து, பிடுங்கிப் போடத்தான் ஆனது.

மறுநாள் மண்டியில் நிசாரைப் பார்த்ததும் காளியப்பன் வெடித்தார். “கலப்படக் கம்பியச் சுத்திக் குடுத்து என் வெள்ளாமையவே அழிச்சிட்டியே பாய்!”

“கம்பி நல்ல கம்பிதாங்கண்ணா. வோல்டேஜ் கொறைவா வருது, அதுலதான் எரியுது.”

“வோல்டேஜ் கொறஞ்சா வூட்ல பல்பு மங்கிப்போவுது. கரண்ட் கம்மியாப் போறதாலதானே மங்குது? கம்மி கரண்ட்ல மோட்டார் எப்பிடி எரியும்? சொல்லு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குறைந்த வோல்டேஜில் மோட்டார் எரியும் என்பது நிசாருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஏன் என்று எட்டாம் வகுப்பு வரை படித்தவருக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கடைக்கு வரும் மோட்டார்கள் குறைந்தன. “கோவத்துல ஏதோ சொல்லிட்டாரு, விட்ருங்க” என்றார் மனைவி மெஹ்ஜபீன். நிசாரால் விட முடியவில்லை.

கடையில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. முதலில் அதில் ஒரு ஹீட்டர் காயிலை மாட்டிப் பார்த்தார். வோல்டேஜைப் பாதியாக்கினால் கரண்டும் சரிபாதியானது. பிறகு ஒரு குண்டு பல்பு. அதில் கரண்ட் சரிபாதியாகவில்லை, ஆனாலும் குறையத்தான் செய்தது. காளியப்பன் சொன்னது சரியாகவே இருந்தது. அன்று நிசார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கிணற்றில்தான் சோதிக்க முடியும். காளியப்பனின் பக்கத்து நிலத்துக்காரி சாலம்மாளிடம் அதே ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் இருந்தது, ஒரே டிரான்ஸ்பார்மர். “என் மோட்டாரையும் எரிச்சிப்புடாத பாய்” என்று சொல்லிக்கொண்டே அவர் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் நிசார் மீட்டர்களோடு அங்கே போனார். காலையில் முதல் ஆளாக மோட்டாரைப் போட்டால் நானூற்றுப் பத்து வோல்ட், பத்தரை ஆம்பியர். சுற்றுவட்டாரக் கிணறுகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்க, வோல்டேஜ் இறங்கியது. முந்நூற்று எண்பதில் பதினொன்று. முந்நூற்று ஐம்பதில் பன்னிரண்டரை. முந்நூற்று இருபதில் பதினான்கு. பல்பு மங்கினால் யாரும் கேட்பதில்லை. மோட்டாரோ அதே தண்ணீரை மேலே தள்ளியாக வேண்டும்; அதற்காகக் கூடுதல் கரண்டை இழுத்தது. அந்தச் சூடுதான் கம்பியைக் கருக்கியது.

நிசாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே மண்டிக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் காட்ட வேண்டும்போல இருந்தது.

அதற்குள் ‘டக்’கென்று மோட்டார் நின்றது. “ஏறுன கரண்ட் கொஞ்ச நேரம் நீடிச்சா ஸ்டார்ட்டர்ல இருக்கற ரிலே இப்பிடித்தான் நிறுத்திப்புடும். பெரிய ரோதன” என்றார் சாலம்மாள்.

நிசார் அப்படியே நின்றார். இது நிற்கிறதே, காளியப்பனுடையது ஏன் நிற்கவில்லை? வரப்பைத் தாண்டிப் போய் அவருடைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். பதினொரு ஆம்பியரில் இருக்க வேண்டிய ரிலேயின் முள் பதினாறில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், “மோட்டார் நின்னு நின்னு ஒரு நாளைக்கி எட்டு தடவ ஓடியார வேண்டியிருக்கு பாய், கொஞ்சம் ஏத்தி வெய்யி” என்று காளியப்பன் கேட்டதும், தன் கையாலேயே அதைத் திருகி வைத்தது நினைவுக்கு வந்தது.

காளியப்பன் அப்போது ஊரில் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். நிசார் எண்கள் எழுதிய தாளோடு பஸ் ஏறினார்.

தோளில் நிற்காத நீலச் சட்டையில் காளியப்பன் வாயிலில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி, விரல் வைத்துக் கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

“கம்பி மேல தப்பில்லீங்கண்ணா” என்றார் நிசார். “ஆனா ரிலேவ ஏத்தி வெச்சது நாந்தான். அப்பிடியே விட்ருந்தா மோட்டார் நின்னிருக்கும். எரிஞ்சிருக்காது.”

தாளைத் திருப்பிக் கொடுத்தபடி, “ஏத்தச் சொன்னது நானு” என்றார் காளியப்பன்.

“முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணுங்க.”

வெளியே கார் ஒன்று ஹாரன் அடித்தது. காளியப்பன் எழுந்து ஓடிக் கதவைத் திறந்து, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். காரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியில் வியாபாரிகள்தான் காளியப்பன் இருக்கும் இடத்துக்கு வருவார்கள். நிசார் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்த காளியப்பன், “அத்தன பேரு முன்னால உன்னப் பேசிட்டேனே பாய்” என்றார்.

“ஊருக்கு வந்துருங்கண்ணா. மோட்டார நான் சுத்தித் தரேன்.”

“குத்தக மூணு வருசத்துக்கு எழுதியாச்சு. இனி நான் எங்க மோட்டாரு ஓட்டறது?”

நிசார் அந்தத் தாளை மண்டியில் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் ரிலேயைப் பற்றியும் சொல்ல வேண்டும்; சொன்னால் காளியப்பன் பெயரும் வரும். ரிலேயை ஏற்றி வைக்கச் சொல்கிறவர்களிடம் இப்போது முடியாது என்கிறார். அவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள்.

ஆடி மாதம் ஒருநாள் காளியப்பனிடமிருந்து போன் வந்தது. “அங்க மழ உண்டா பாய்?”

“லேசாத் தூறுதுங்கண்ணா.”

“சரி, வெச்சிடறேன்” என்றார் காளியப்பன். பிறகு அவர் கூப்பிடவில்லை. நிசாரும் கூப்பிடவில்லை.