லாடக்காரர் மகளும் என் கால் நகமும்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் பாலக்கோட்டில் தற்காலிகத் தபால்காரனாக இருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். யாரோ போட்டுக் கழித்த ஒரு ஜோடி தோல் ஷூவை மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டு அலைந்தேன். அளவு சிறியதுதான். ஆனால் காக்கி உடுப்புக்கு எடுப்பாக இருந்ததால் விட மனமில்லை. இரண்டே மாதத்தில் வலது கால் கட்டைவிரல் நகம் ஓரத்தில் மடங்கிச் சதைக்குள் இறங்கிவிட்டது.

நானே வைத்தியம் செய்துகொண்டேன். சவரக் கத்தியால் நகத்தின் மூலையைத் தோண்டி எடுத்தேன். நாலு நாள் சுகம். பிறகு வளர்ந்த நகம் முன்னைவிட ஆழமாகக் குத்தியது. விரல் வீங்கிச் சீழ் வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிக்கொண்டு தபால் கொடுக்கப் போனேன். ஒரு வெள்ளாடு அந்தப் பழத்தின் மேல் கண் வைத்துக் கடைத்தெரு முழுக்க என் பின்னாலேயே வந்தது. கடிதம் வாங்கியவர்கள் ஒருவர்கூடக் கடிதத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள்.

சனிக்கிழமை போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டார். “மத்தியானத்துக்குள்ள குடுக்க வேண்டிய தபாலு சாயங்காலம் வரைக்கும் பையிலயே கெடக்குது. திங்கக்கிழமை ஒழுங்கா நடந்து வந்தா வா. இல்லாட்டி வேற ஆளப் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

“எங்கிட்டக் காட்டுங்க, நான் பாக்கறேன்” என்று என் மனைவி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இடம் கொடுக்கவில்லை. அவள் அப்பா தருமபுரியில் வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் லாடம் அடிப்பவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கல்யாணம் வரை அவருக்குக் கூடமாட நின்றவள் இவள்தான். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. தபால் ஆபீசில் மாமனாரை இரும்பு வியாபாரி என்று சொல்லி வைத்திருந்தேன். “நான் என்ன மாடா?” என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பாதத்தைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் காட்டினேன்.

வெந்நீரில் உப்பைப் போட்டு அரைமணி நேரம் காலை ஊற வைத்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று, என் பாதத்தைத் தூக்கி இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். விரலைத் தொட்டதுதான் தாமதம், ஒரு உதை விட்டேன். அவள் ஒரு பக்கம் விழுந்தாள், வெந்நீர்ச் சட்டி ஒரு பக்கம் உருண்டது. அவள் கோபிக்கவில்லை. உள்ளே போய்க் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தாள்.

“உதைக்கிற காலை எப்படிக் கட்டறதுன்னு எனக்குத் தெரியுங்க. படுங்க.”

இரண்டு காலையும் சேர்த்துத் தூணோடு கட்டினாள். கடித்துக்கொள்ளத் தலையணையைக் கொடுத்தாள். “ஹோ… ஹோ… ஆச்சு, ஆச்சு” என்று மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் என் கெண்டைக்காலைத் தட்டிக்கொடுத்து வேலையை ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் போஸ்ட்மாஸ்டர். நிஜமாகவே கால் வலியா, நடிப்பா என்று பார்க்க வந்திருக்கிறார்.

“ஏம்மா, எதுக்கு இவனக் கட்டிப் போட்டிருக்கே?”

“லாடம் அடிக்கிறவரு பொண்ணுங்க நான். எனக்கு இப்படிச் செஞ்சுதாங்க பழக்கம்” என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே.

என் வாயில் தலையணை. புதிதாக ஒரு பொய் சொல்லக்கூட வழியில்லை.

அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அவள் நகத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கி, வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை அடியில் செருகினாள். “மூலையத் தோண்டவே கூடாதுங்க. நேரா வெட்டணும். தோண்டத் தோண்ட உள்ளதான் போவும்” என்று அவருக்கு விளக்கமும் சொன்னாள். சீழ் வெளியேறியது. தலையணையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “உம் மாமனாரு இரும்பு வியாபாரின்னியேப்பா?” என்றார்.

“லாடமும் இரும்புதானுங்க சார்” என்றேன்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது. அவள் அப்பாவின் தொழிலை நான் மறைத்து வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, என்னை அப்படியே விட்டுவிட்டு, அவருக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டாள். அவர் ஆற அமரக் குடித்து முடிக்கும் வரை நான் தூணோடுதான் கிடந்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் அவளிடம், “எங்க வூட்டுப் பசு குளம்பு வளந்து பத்து நாளா நொண்டுது. உங்கப்பாவ ஒரு நட வரச் சொல்ல முடியுமாம்மா?” என்று கேட்டார். எனக்கு மூன்று நாள் லீவும் கொடுத்தார்.

லீவு முடிவதற்குள் நானே தருமபுரிக்குப் போய் மாமனாரை அழைத்து வந்தேன். அவருடைய ஆயுதப் பையை என் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தேன். எதிரே வந்தவர்கள் யாரென்று கேட்டபோது, “எங்க மாமனாருங்க, லாடம் அடிக்கிறவரு” என்றேன். அன்று சாயங்காலம்தான் என் மனைவி என்னிடம் பழையபடி பேசினாள்.

நகம் ஒரு மாதத்தில் நேராக வளர்ந்துவிட்டது. ஆனால் யாராவது ஒரு தொழிலை மட்டமாகப் பேசும்போதெல்லாம், என் முகத்தையே அவள் பார்த்த அந்த ஒரு கணம் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.