காலிதீனின் நீண்ட ருகூஉ

வரிப்பத்தான்சேனைப் பள்ளிவாசலில் காலிதீனின் ருகூஉவுக்குத் தனி மரியாதை இருந்தது. அவரவர் தனியாகத் தொழும் சுன்னத்துத் தொழுகையில் முழங்காலில் கையூன்றி ருகூஉவுக்குக் குனிந்தால் மனுசன் லேசில் நிமிரமாட்டார். பக்கத்தில் நின்றவர் தொழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் குனிந்தபடி இருப்பார். என்ன இறையச்சம் என்று வியந்தார்கள். வயல் அயலவரான சப்ரி, தன் பிள்ளைகளிடம் அவரைப் பார்த்துப் படிக்கச் சொல்வார்.

உண்மை காலிதீனுக்கும் மனைவி றுக்ஸானாவுக்கும்தான் தெரியும். நேராக நின்றால் இரண்டு கால்களிலும் குதிவரை நெருப்பு இறங்கும், குனிந்தால் அணையும். அதனால்தான் காற்றுப்போன சைக்கிளைக்கூட விடாமல் உருட்டி, ஹேண்டிலில் சாய்ந்துகொண்டே வயலுக்குப் போனார். ஊரார் புகழும்போது மறுக்க வெட்கம், ஒப்புக்கொள்ள அல்லாஹ்வுக்குப் பயம்.

அவர் வட்டவிதானை. வாய்க்கால் நெடுக நடந்து, கடைசிக் காணிக்கும் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவரைத்தான் விவசாயிகள் கூட்டத்துக்குக் கூட்டம் தெரிந்தெடுத்தார்கள். அந்த வருடச் சிறுபோகப் பயிரின்போது பாதி வாய்க்காலுக்கு மேல் கால் எழவில்லை. கடைக்காணிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த பெரும்போகத்துக்குள் நடக்க முடியாவிட்டால், பிறர் சொல்லுமுன் தானே விலகிவிடுவதென்று முடிவெடுத்தார்.

றுக்ஸானா ஒற்றைக் காலில் நின்று அவரைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனாள். எப்போது வலி குறையும் என்று டொக்டர் பவிதரன் கேட்டார். காலிதீன் தயங்க, அவள் முந்திக்கொண்டாள்.

"ருகூஉவுலதான் டொக்டர். குனிஞ்சா சுகம். ஊர்ல இவரப் பெரிய மகான், அவுலியா எண்டு நினைச்சிட்டு இரிக்காங்க."

டொக்டர் சிரித்தார், கையோடு ஸ்கேனுக்கும் எழுதினார். வயதோடு எலும்பும் சவ்வும் தடித்து, முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகும் பாதை ஒடுங்கியிருந்தது. குனியும்போது அது சற்று விரிவதால்தான் அந்தச் சுகமாம். மருந்தும் பயிற்சியும் ஏற்கெனவே பார்த்துக் கைவிட்டவை. நெருக்கும் எலும்பைச் செதுக்கி நரம்புக்கு இடம்விடலாம் என்றார். கால்வலி பெரும்பாலும் போகும், இடுப்புவலி மிஞ்சக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

முதுகில் கத்தி வைத்தால் பிறகு பாயோடு பாய்தான் என்று ஊரில் பயமுறுத்தினார்கள். வரம்பில் பாதியில் நிற்பதும் அதற்குக் குறைந்ததில்லை என்று நினைத்த காலிதீன் கையெழுத்து வைத்தார்.

ஒப்பறேசன் முடிந்த மறுநாளே தாதி எழுப்பி நடக்கவிட்டாள். கால்களில் நெருப்பைத் தேடிப் பார்த்தார், இல்லை. சில மாதம் குனிய வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள், அதுவரை கதிரையிலிருந்தே தொழுதார். பிறகு நின்று தொழுதபோது, ருகூஉவில் மற்றவர்களைப்போலவே சட்டென்று நிமிர்ந்தார். இடுப்பு விடியலில் இன்னும் இறுகும், ஒரு பெருவிரல் மரத்தபடியே இருக்கிறது. நெல்மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார். வட்டவிதானைப் பதவியை விடவில்லை.

பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறந்த அன்று, சைக்கிள் இல்லாமல் கடைசிக் காணிவரை நடந்து வந்தார். அது சப்ரியின் காணி. மண்வெட்டியோடு நின்ற சப்ரி, அண்ணனைப்போல் மதிக்கும் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காக்கா, பள்ளியில ஒங்கட ருகூஉ கட்டையாப் போச்சே. டொக்டர் இறையச்சத்தையும் சேத்து வெட்டிட்டாரா?"

காலிதீன் முதன்முறையாக உண்மையைச் சொன்னார். "அது கால்வலிடா சப்ரி. அல்லாஹ்வுக்குத் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது."

"அப்ப என்ட புள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"இப்ப நான் நிமிந்து நிண்டு தொழுறதப் பாக்கச் சொல்லு."

சப்ரியின் வயலுக்குள் தண்ணீர் பாய்வதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வந்த வரம்பிலேயே கைவீசித் திரும்பி நடந்தார்.