இருமல் பொத்தான்

கஸ்தூரிரங்கன் சாருக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். படுக்கைப் புண்ணுக்கும் மலத்துக்கும் முகம் சுளித்ததில்லை. இந்த ஒரு கிண்ணம் ரசம் சாதத்துக்குத்தான் பயம்.

சார் மயிலாப்பூரில், சித்திரகுளத்துப் பக்கம் பிறந்தவர். கல்லூரி முடித்ததும் வானொலியில் செய்தி வாசிக்கச் சேர்ந்தார். பிறகு தொலைக்காட்சி. வெள்ளமோ தலைவரின் மறைவோ, எதுவானாலும் ஒரே நிதானமான குரல். அவர் சொன்ன பிறகுதான் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று நம்பியவர்கள் உண்டு. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, குரல் வெறும் காற்றானது, விழுங்குவதும் தடுமாறியது.

"சாப்பிடும்போது இருமினா நல்லது. வழி தவறினதை இருமல் வெளிய தள்ளிடும். இருமாம நுரையீரலுக்குள்ள இறங்கினாத்தான் ஆபத்து" என்றார் மருத்துவர்.

சார் இருமவே இல்லை. ஆனால் காய்ச்சல் வந்து வந்து போனது. நுரையீரலில் சளி கட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் மனைவி விசாலாக்ஷியிடம் கேட்டேன். "மாமி, சார் இருமி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"ஆத்துலகூடக் கேட்டதில்லை, தங்கபுஷ்பம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இரங்கல் செய்தி நடுவுல இருமிட்டார். ஊரே தபால் கார்டு போட்டுக் கேலி பண்ணித்து. அங்க மேஜையில ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினா மைக் அணைஞ்சுடும், அதுக்குள்ள இருமிக்கணும். இவர் பொத்தானையும் அமுக்கிண்டு, இருமலையும் முழுங்கிடுவார்."

"எந்தக் கையால அமுக்குவாரு?"

"வலக்கையில தாள் இருக்குமே. இடது கட்டைவிரலாலதான்."

மறுநாள் மதியம் சாய்நாத் வந்தார். தொலைக்காட்சியில் சாரோடு வேலை பார்த்தவர், வாயாடி.

"என்ன சார், வாய் அசையறது, சத்தத்தைக் காணோமே? தடங்கலுக்கு வருந்துகிறோமா?"

சார் சிரித்தார். வாயில் ஒரு கரண்டி சாதம் இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. இடது கட்டைவிரல் நாற்காலிக் கையை அழுத்தியது, நகம் வெளுக்கும் அளவுக்கு. உதடு நீலம் பாரித்தது.

அவரை முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்டினேன். "இருமுங்க சார்! மைக்கை அணைச்சாச்சு, யாருக்கும் கேக்காது!"

அவர் கண் சாய்நாத்தையே பார்த்தது.

"நீங்க வெளிய போங்க" என்றேன். சாய்நாத் ஓடினார். கதவு சாத்திய பிறகுதான் இருமல் வந்தது, குடலே வெளியே வருவதுபோல. பருக்கைகள் என் புடவையெல்லாம் சிதறின.

இப்போது சாப்பாட்டு வேளையில் விருந்தாளி கிடையாது. மாமியும் அடுக்களைக்குப் போய்விடுவார். சாரின் வாயோடு கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டே ஊட்டுகிறேன். நேற்று அது லேசாக அழுந்தியது. கிண்ணத்தை வைத்துவிட்டு, முதுகைத் தட்டிக் காத்திருந்தேன். இருமல் வரவில்லை.

இன்று காலை சாரின் நெற்றி சுடுகிறது. மருத்துவருக்குப் போன் செய்துவிட்டேன். மாமியிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.